கூரை பறந்தது! தொட்டியில் தண்ணீர் இருந்ததா?

மரக்காணம் பக்கம் போனவர்கள் உப்பளங்களைப் பார்த்திருப்பார்கள். பாத்தியில் தண்ணீர் நிற்கிறதா, வற்றிவிட்டதா என்று அறிய உப்பளத் தொழிலாளி உள்ளே இறங்க வேண்டியதில்லை. வரப்பில் நின்றே சொல்லிவிடுவார். தண்ணீர் இருந்தால் வெயிலில் பளபளக்கும்.

ஜப்பானிலும் ஒரு நாள் இப்படி ஒரு பளபளப்பைத்தான் நிபுணர்கள் தேடினார்கள். அவர்கள் தேடியது ஒரு அணு உலைக் கட்டடத்தின் உச்சியில்!

கடல் புகுந்தது

2011 மார்ச் 11. ஜப்பானில் பெரும் பூகம்பம். தொடர்ந்து சுனாமி. புகுஷிமா அணுமின் நிலையத்துக்குள் கடல் புகுந்தது.

ஓடிக்கொண்டிருந்த 3 உலைகளும் பூகம்பம் வந்தவுடனே நின்றுவிட்டன. பிறகு என்ன ஆபத்து என்று கேட்கலாம். அணு உலை, விறகை இழுத்தால் அணைந்துவிடும் அடுப்பு அல்ல. நிறுத்திய பிறகும் எரிபொருள் கொதித்துக்கொண்டே இருக்கும். அதைக் குளிர்விக்கத் தண்ணீர் ஓட வேண்டும். தண்ணீரை ஓட்ட மின்சாரம் வேண்டும். மின்சாரம் போயிற்று. டீசல் என்ஜின்களை வெள்ளம் முடக்கியது.

12-ந் தேதி 1-வது உலைக் கட்டடம் வெடித்தது. 14-ந் தேதி 3-வது. 15-ந் தேதி 4-வது. வெடித்தது அணுகுண்டு அல்ல, ஹைட்ரஜன் வாயு.

தொட்டியில் 1,535 கட்டுகள்

4-வது உலை அப்போது வேலை செய்யவே இல்லை. அதன் எரிபொருள் முழுவதும் மாடியில் உள்ள தொட்டியில் கிடந்தது. மொத்தம் 1,535 கட்டுகள். தண்ணீர்தான் அவற்றுக்குக் குளிர்ச்சி. தண்ணீர்தான் கதிர்வீச்சுக்குத் தடுப்புச் சுவர். அது வற்றினால்?

மார்ச் 16-ந் தேதி, தொட்டியில் தண்ணீர் இல்லை என்று அமெரிக்க அணுசக்தி ஆணையத் தலைவர் யாஸ்கோ தம் நாட்டு காங்கிரசிலேயே சொன்னார். ஜப்பானில் இருந்த அமெரிக்கர்கள் 80 கிலோமீட்டருக்கு அப்பால் போய்விட வேண்டும் என்று யோசனை கூறப்பட்டது.

அன்றே ஒரு ஹெலிகாப்டர் நிலையத்தின் மேல் பறந்து படம் எடுத்தது. புகை, நொறுங்கிய சுவர், வளைந்த இரும்பு. அவற்றுக்கு நடுவே ஓரிடத்தில் ஒரு மினுமினுப்பு! அது தண்ணீர்தான் என்றனர் ஜப்பானியர். சிலர் நம்பவில்லை.

பிறகு தொட்டிக்குள்ளேயே கேமராவை இறக்கினார்கள். தண்ணீர் இருந்தது! மேலே இடிபாடுகள், அடியில் எரிபொருள் கட்டுகள் பெரும்பாலும் பழுதில்லாமல் இருந்தன. 2014 டிசம்பருக்குள் எல்லாவற்றையும் பத்திரமாக வெளியே எடுத்துவிட்டார்கள்.

கண்ணை நம்பலாமா?

இப்போது 2-வது உலையைப் பாருங்கள். படத்தில் அதன் கட்டடம் ஏறக்குறைய முழுசாக நிற்கிறது. பார்ப்பவர்கள் "அது தப்பியது" என்பார்கள். ஆனால் உள்ளே எரிபொருள் உருகிவிட்டது! நொறுங்கிய 4-வது கட்டடத்தில் எரிபொருள் தப்பியது. நின்ற 2-வது கட்டடத்தில் உருகியது. சுவரைப் பார்த்து ஆபத்தை அளக்க முடியாது என்பதே இதன் பாடம்.

நமக்கு என்ன?

பொம்மையார்பாளையத்திலிருந்து கல்பாக்கம் நேர்கோட்டில் சுமார் 70 கிலோமீட்டர்தான். அமெரிக்கர்களுக்குச் சொன்ன 80 கிலோமீட்டருக்குள் நம் ஊரும் அடங்கும்!

2004 டிசம்பர் 26 சுனாமியில் கல்பாக்கம் ஊழியர் குடியிருப்பில் உயிர்கள் பலியாயின. கடல்நீர் பம்பு நிலையத்தில் வெள்ளம் புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த 2-வது உலையைப் பத்திரமாக நிறுத்தினார்கள். உலைக் கட்டடத்துக்குள் தண்ணீர் போகவில்லை. சில நாட்களில், 2005 ஜனவரியில், உலை மீண்டும் ஓடியது.

இனி எங்காவது விபத்து நடந்தால் கைபேசியில் படம் வந்து குவியும். பார்த்தவுடன் ஓடவும் வேண்டாம். "ஒன்றும் இல்லை" என்று சிரிக்கவும் வேண்டாம். படம் எந்தத் தேதியில் எடுத்தது? எந்த உலை? மின்சாரம் இருக்கிறதா? தண்ணீர் நிற்கிறதா? கதிர்வீச்சு அளவு என்ன? இந்த 5 கேள்விகளைக் கேளுங்கள்.

அவற்றுக்கு உடனே பதில் சொல்வது அதிகாரிகளின் கடமை. பதில் வரத் தாமதமானால் வதந்தி முந்திக்கொள்ளும். அதிகாரிகள் வெளியேறச் சொன்னால் மட்டும், கேள்வியைப் பிறகு வைத்துக்கொண்டு முதலில் கிளம்புங்கள்!