பத்து இராகங்களும் ஒரு டிஸ்கோ தாளமும்

மின்னணு நடன இசை என்றவுடன் நம்மில் பலர் முகம் சுளிக்கிறோம். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் சபாக்களில் மூன்று மணி நேரம் அமர்ந்து கச்சேரி கேட்கும் பொறுமை நமக்கு உண்டு. ஆனால், வீட்டுப் பிள்ளைகள் விரும்பிக் கேட்கும் இசைக்கு ஐந்து நிமிடம் செவிகொடுக்கும் பொறுமை இல்லை. அது வேறு உலகம், இது வேறு உலகம் என்று எண்ணிவிடுகிறோம். அந்த எண்ணத்தை மறுபடி சீர்தூக்கிப் பார்க்கச் செய்யும் இசைத்தட்டு ஒன்று இதே மும்பையில் 1982-ஆம் ஆண்டிலேயே உருவாயிற்று. இராகம் அறிந்த நம்மவர்கள் அதைக் கேட்க வேண்டும். கேட்கும்போது அதை வாசித்தவர் யார் என்றும் வினவ வேண்டும். இதுவே நம் கருத்து.

'சிந்தசைஸிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்' என்பது அத்தட்டின் பெயர். எச்.எம்.வி. நிறுவனத்தின் வெளியீடு. வாசித்தவர் சரண்ஜித் சிங். ஆர்.டி. பர்மன் முதலிய இசையமைப்பாளர்களின் குழுக்களில் கிட்டாரும் விசைப்பலகைக் கருவிகளும் வாசித்துத் தொழில் நடத்திய கலைஞர் அவர். திருமண விருந்துகளில் வாசிக்கும் இசைக்குழு ஒன்றையும் நடத்திவந்தார். பிறருடைய மெட்டுகளுக்குத் துணை நிற்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவர், தமக்கென்று செய்துகொண்ட பரிசோதனை இது.

அக்காலத்து இந்தியாவில் டிஸ்கோ அலை வீசிக்கொண்டிருந்தது. 1980-இல் 'குர்பானி' படத்தில் நாஸியா ஹசன் பாடிய பாடல் நாடெங்கும் ஒலித்தது; 1982-இல் 'டிஸ்கோ டான்ஸர்' வந்தது. அந்த அலையில் சரண்ஜித் சிங் வேறொரு கணக்குப் போட்டார். ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் அப்போது புதிதாக விற்பனைக்குக் கொண்டுவந்திருந்த மூன்று கருவிகளை அவர் கையாண்டார். ஜூபிடர்-8 என்னும் சிந்தசைஸர் மெட்டை வாசித்தது; டிஆர்-808 தாளத்தைத் தந்தது; டிபி-303 கீழ்ச்சுரங்களை ஓட்டியது. பாட்டும் இல்லை, பாடகரும் இல்லை. பூபாளி, தோடி, மேக் மல்ஹார், யமன், மால்கௌன்ஸ் என ஒவ்வோர் இராகத்துக்கும் ஏறத்தாழ ஐந்து நிமிடங்கள்.

தட்டு அன்று எதிர்பார்த்த அளவுக்கு விலைபோகவில்லை. இருபது ஆண்டுகளுக்குப் பின், 2002-இல், எடோ பௌமன் என்ற டச்சு நாட்டு இசைத்தட்டுச் சேகரிப்பாளர் தில்லியில் அதன் பிரதி ஒன்றைக் கண்டெடுத்தார். கலைஞரைத் தேடி மும்பைக்கும் வந்தார். 2010-இல் அத்தட்டு மறுபதிப்பாக வெளியாயிற்று. மேலை நாட்டு இரசிகர்கள் வியந்ததற்குக் காரணம் உண்டு. டிபி-303 கருவியின் வளைந்து நெளியும் ஒலியை அடித்தளமாகக் கொண்ட 'ஆசிட் ஹவுஸ்' என்னும் நடன இசை, சிகாகோ நகரில் 1987-இல் வெளிவந்த 'ஆசிட் ட்ராக்ஸ்' தட்டினால்தான் புகழ்பெற்றது. அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே அதே கருவியில், அதற்கு மிக நெருங்கிய ஒலியில், மும்பைக் கலைஞர் ஒருவர் இராகம் வாசித்திருந்தார். சிகாகோ இளைஞர்கள் இவரைக் கேட்டுக் கற்றார்கள் என்று சொல்வதற்கில்லை. ஒரே கருவி இரு நகரங்களில் இரு கலைஞர்களிடம் ஏறக்குறைய ஒரே வழியைக் காட்டியது என்பதே பொருத்தம்.

இத்தட்டை எவ்வாறு கேட்பது? முதல் முறை கேட்கையில் விரைந்து விழும் நான்கடித் தாளம் மட்டுமே செவியில் படும். ஐந்து நிமிடமும் அது மாறுவதில்லை. அதைத் தம்புராவின் சுருதியைப் போலப் பின்னணியில் விட்டுவிட்டு, மேலே ஓடும் சுரங்களைப் பின்தொடர வேண்டும். பூபாளி என்று அவர் பெயரிட்டது நம் மோகனம். மால்கௌன்ஸ் நம் இந்தோளம். யமனில் நம் கல்யாணியின் சாயலைக் காணலாம். பைராகியில் ரேவதியும், கலாவதியில் வலஜியும் தென்படும். இந்துஸ்தானித் தோடி மட்டும் நம் தோடியன்று. சுரங்களின் அமைப்பில் அது சுபபந்துவராளியை ஒத்தது. இந்த உறவுகளை அறிந்த செவிக்கு இரண்டாம் முறையிலேயே தட்டு திறந்துகொள்ளும். ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் வசதி இக்கருவிகளில் உண்டு. நம் ஜாருவை நினைவூட்டும் அந்த நெளிவுதான் இராகத்தையும் இயந்திரத்தையும் இங்கே இணைக்கிறது.

குறை இல்லாமலும் இல்லை. விசைப்பலகையின் சமநிலைச் சுருதியில் நம் கமகங்களின் நுட்பம் முழுதாக அமையாது. ஆலாபனைக்கு இடமில்லை, இராகத்தை ஆற அமர விரிப்பதற்கு ஐந்து நிமிடம் போதாது. தோடியின் கனம் இந்த ஓட்டத்தில் சற்றுக் கரைந்துவிடுகிறது. மாறாக, மேக் மல்ஹாரும் மால்கௌன்ஸும் இத்தாளத்தில் தனி அழகு பெறுகின்றன என்பது நம் துணிபு. இவ்வாறு குணமும் குற்றமும் நாடிச் சொல்லத்தக்க படைப்பு எதுவும் வெற்று இரைச்சல் ஆகாது.

இந்த இசைக்கு மும்பையில் வேர் இல்லாமலும் போகவில்லை. 1930-களிலேயே தாஜ்மகால் ஓட்டலில் அமெரிக்க ஜாஸ் கலைஞர்கள் வாசித்தார்கள். அதைக் கேட்டும் உடன் வாசித்தும் தேர்ந்த கோவாக் கலைஞர்கள் பின்னாளில் திரையிசைக் குழுக்களின் தூண்களானார்கள். சிக் சாக்லெட், செபாஸ்டியன் டிசோஸா ஆகியோரின் கைவண்ணம் எத்தனையோ பழைய இந்திப் பாடல்களில் மறைந்திருக்கிறது. மாறாத தாள வட்டத்தின்மீது அந்தந்தக் கணத்தில் கற்பனையை விரிப்பது ஜாஸ் முறை. நம் கற்பனாசுரமும் அதற்கு அயல் அன்று. கத்ரி கோபால்நாத் ஜாஸ் உலகத்து சாக்ஸஃபோனைக் கருநாடக மேடையில் ஏற்றியபோது நாம் ஏற்றுக்கொண்டோமே! அதற்கும் முன்னர், பாலுசுவாமி தீட்சிதர் காலத்தில் ஐரோப்பிய வயலின் நம்முடையதாயிற்று. ஆர்மோனியத்தையோ, அகில இந்திய வானொலி 1940 முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஒதுக்கி வைத்திருந்தது. கருவி புதிது என்பதற்காக மறுத்த தீர்ப்புகள் நெடுங்காலம் நிலைப்பதில்லை என்பதற்கு இவை சான்றுகள்.

இனி, வாசித்தவர் யார் என்னும் வினாவுக்கு வருவோம். இசைத்தட்டின் உறையில் இசையமைப்பாளர், பாடகர், கவிஞர் பெயர்கள் இருக்கும். அமர்வுக்கு இவ்வளவு என்று கூலி பெற்று வாசித்த கலைஞர்களின் பெயர்கள் பெரும்பாலும் இருப்பதில்லை. சரண்ஜித் சிங் தம் பெயரிலேயே ஒரு தட்டு வெளியிட்டிருந்ததால்தான் தேடி வந்தவரால் அவரைக் கண்டுபிடிக்க முடிந்தது. முதுமையில் அவர் ஐரோப்பிய மேடைகளில் இந்த இராகங்களை மறுபடி வாசித்தார். 2015 ஜூலையில் மும்பையில் காலமானார். பெயர் பதிவாகாத அவருடைய தோழர்களைத் தேடி எவரும் வரப்போவதில்லை.

பெயர் என்பது மரியாதை மட்டுமன்று. அது உரிமையின் திறவுகோலும் ஆகும். 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், இசை வாசிப்பவரையும் 'நிகழ்த்துநர்' என ஏற்று, அவரது நிகழ்ச்சி வணிகத்துக்குப் பயன்படுகையில் ராயல்டி பெறும் உரிமையை அவருக்கு வழங்குகிறது. நிகழ்த்துநரின் உரிமை ஐம்பது ஆண்டுகள் நிலைக்கும். ஒலிப்பதிவின் பதிப்புரிமை அறுபது ஆண்டுகள். ஆயினும் திரைப்படத்தைப் பொறுத்தவரை, தற்செயலாகவோ சிறு அளவிலோ பங்கேற்று, தொழில் வழக்கப்படி பெயர்ப்பட்டியலில் குறிப்பிடப்படாதவரை ராயல்டிக்குரிய நிகழ்த்துநராகச் சட்டம் கருதுவதில்லை. எனவே, பட்டியலில் பெயர் இடம்பெறுவது ஒருவருடைய வருங்கால வருவாயையே தீர்மானிக்கக்கூடும்.

நம் வாடிக்கையாளர்களிடையே வயலின், மிருதங்கம், கீபோர்டு வாசிப்போரும் ஒலிப்பதிவுக் கூடங்களில் பணிபுரிவோரும் உள்ளனர். அவர்களுக்கு நாம் சொல்ல விரும்புவன மூன்று. வாசிக்குமுன் ஒப்பந்தத்தை எழுத்தில் பெறுங்கள். உங்கள் பெயர் எங்கு, எவ்வாறு இடம்பெறும் என்பதை அதில் குறிக்கச் செய்யுங்கள். ஊதியத்தை வங்கிக் கணக்கின் வழியாகப் பெற்று, அத்தாள்களையும் கணக்கு விவரத்தையும் குடும்பத்தார் அறியும் இடத்தில் பாதுகாத்து வையுங்கள். ஒரு படைப்புக்கு இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்தும் சந்தை பிறக்கலாம் என்பதை இத்தட்டே காட்டியிருக்கிறது. அந்நாளில் சான்று இல்லையேல் பயன் வேறெவருக்கோ போய்ச்சேரும்.

கேட்போராகிய நமக்கும் கடமை உண்டு. 2018-இல் வெளியான 'காலா' படத்தின் பாடல்களில் தாராவி இளைஞர்களின் ராப் ஒலித்தது. இன்று தொண்ணூறடிச் சாலையின் சிறு அறையிலும், செம்பூரின் அடுக்ககத்திலும், கைப்பேசியையும் மடிக்கணினியையும் கொண்டே ஒரு பிள்ளை தாளம் அமைக்க முடிகிறது. அவ்வோசை கதவிடுக்கின் வழியே வரும்போது, "சத்தத்தைக் குறை" என்று சொல்லுமுன் ஒரு பாட்டை முழுதும் கேட்போம். எந்த இராகத்தின் சாயல் இருக்கிறது என்று நம் செவி தானே தேடும். அதை அந்தப் பிள்ளையிடம் சொல்வோம். பிறகு, இதில் யார் யார் வாசித்தார்கள், அவர்கள் பெயரை எங்கே எழுதியிருக்கிறாய் என்றும் கேட்போம்.