சிறையில் போட்ட கணக்கும் எமது கிணறுகளும்

காலநிலை மாற்றம் பற்றி எமது கரையோரக் கிராமங்களில் பேசும்போதெல்லாம் எனக்கு ஒரு பதில் கிடைக்கும்: "கடல் எந்தக் காலத்திலும் ஏறி இறங்கினதுதானே?"

உண்மைதான். ஏறத்தாழ 21,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றையதைவிடச் சுமார் 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. ஆழம் குறைந்த பாக்குநீரிணை அன்று தரையாக இருந்தது. யாழ்ப்பாணத்துக்கும் தமிழகத்துக்கும் இடையில் கடல் இல்லை. ஆனால் கடல் ஏன் இறங்கியது, ஏன் ஏறியது என்று கேட்காமல் அந்தப் பதிலோடு நின்றுவிட முடியாது.

இதற்கு விடை தேடியவர்களில் ஒருவர் போரில் அகப்பட்டவர். சேர்பிய விஞ்ஞானி மிலுட்டின் மிலன்கோவிச் 1914இல் ஒஸ்திரிய-ஹங்கேரிய அதிகாரிகளால் தடுத்துவைக்கப்பட்டார். சிறையிலும், பின்னர் புடாபெஸ்டில் கண்காணிப்பின் கீழும் அவர் கணக்குப் போட்டார். பூமியின் சுற்றுப்பாதையும் அச்சின் சாய்வும் அதன் தள்ளாட்டமும் பல்லாயிரம் ஆண்டுகளில் மெல்ல மாறுகின்றன. அதனால் வடதுருவத்தை அண்டிய நிலங்களில் கோடை குளிர்ந்தால், பழைய பனி உருகாமல் அடுக்கடுக்காகச் சேரும் என்றார். 1941இல் அவரது பெருநூல் அச்சில் இருந்தபோது பெல்கிரேட் மீது ஜேர்மன் குண்டுகள் விழுந்தன. சில பக்கங்களை மீண்டும் அச்சிட வேண்டியிருந்தது. இந்து சமுத்திரத்தின் தென்பகுதியில் அடியிலிருந்து எடுத்த படிவுகள் 1976இல் அவரது கணக்கை உறுதிப்படுத்தியபோது அவர் உயிரோடு இல்லை.

இன்றைய கணினி மாதிரிகள் இன்னொன்றையும் காட்டுகின்றன. சுற்றுப்பாதை மாற்றத்தை மட்டும் வைத்து அந்தக் குளிரை விளக்க முடியாது. காற்றில் காபனீரொட்சைட்டு குறைந்ததையும் சேர்த்தால்தான் கணக்குப் பொருந்துகிறது. அந்தாட்டிக்கப் பனியில் அகப்பட்ட காற்றின்படி, 8 இலட்சம் ஆண்டுகளாக அது பத்து இலட்சத்துக்கு 300 பங்கைப் பெரிதாகத் தாண்டியதில்லை. இன்று 420ஐத் தாண்டிவிட்டது. இதைச் செய்தது சுற்றுப்பாதை அல்ல, நிலக்கரியும் எண்ணெயும் எரித்த மனிதர்தான். கடல் இப்போது ஆண்டுக்குச் சுமார் 4 மில்லிமீற்றர் உயர்கிறது.

குடாநாட்டின் சுண்ணக்கல்லுக்குள் நன்னீர், உவர்நீரின் மேல் மிதக்கிறது. கடல் உயர்ந்தால் கிணறுதான் முதலில் சொல்லும். காணி விடுவிப்புக்காக ஆண்டுக்கணக்கில் வீதியில் இருந்த எமக்கு, அந்தக் காணியின் தண்ணீரும் உரிமைக் கேள்விதான். வீட்டுத்திட்டமோ இறங்குதுறையோ வரும்போது, கடல்மட்டக் கணக்கை மேசையில் வையுங்கள் என்று அதிகாரிகளிடம் நாம் கேட்கவேண்டும்.