மண்டபத்தில் விளக்கு அணைந்தபோது

மௌசை இழுத்தால் மண்டபம் சுழலும். மேலே தள்ளினால் விதானம் தெரியும். 1995இல் ஆப்பிள் நிறுவனம் குயிக்டைம் வி.ஆர். மூலம் காட்டிய இந்த வித்தை, பின்னர் அருங்காட்சியகங்களுக்கும் ஹோட்டல்களுக்கும் பரவியது. பல இடங்களில் அதை ஓட்டியது ஃப்ளாஷ் மென்பொருள்.

2021 ஜனவரி 12. அந்த மண்டபங்களில் விளக்கு அணைந்தது. முந்தைய ஆண்டு இறுதியோடு ஃப்ளாஷைக் கைவிட்ட அடோபி, அன்று முதல் அது ஓடுவதையே தடுத்தது.

படங்கள் கெடவில்லை, காட்டும் கருவிதான் போனது. அகலம் உயரத்தைப் போல இரு மடங்குள்ள மூல பனோரமா படம் கைவசம் இருந்தவர்கள், பேனலம் போன்ற இலவச மென்பொருளில் அதே சுற்றுலாவை மறுபடி கட்டினார்கள். இல்லாதவர்கள் மீண்டும் ட்ரைபாடைத் தூக்க வேண்டியதாயிற்று, இடம் மாறாமல் இருந்திருந்தால்.

புதிதாகக் கட்டியவர்களுக்கும் ஒரு அதிர்ச்சி. ஃபைலைக் கிளிக் செய்தால் மறுபடியும் கறுப்புத் திரை! காரணம், பிரவுசரின் ஜாக்கிரதை. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து நேராகத் திறக்கப்படும் பக்கம் மற்ற ஃபைல்களை எடுக்க அது விடுவதில்லை. கம்ப்யூட்டரிலேயே சிறு வெப் சர்வரை ஓடவிட்டு, அதன் வழியே திறந்தால் போதும். சில செல்போன்களில் மட்டும் கறுப்பா? கிராஃபிக்ஸ் சிப் தாங்கும் அளவைவிடப் படம் பெரிதாக இருக்கலாம். சிறிதாக்கினால் அல்லது துண்டுகளாக வெட்டினால் சரியாகும்.

இந்தக் கோளாறுகளுக்கெல்லாம் மருந்து உண்டு. தொலைந்த மூலப் படத்துக்குத்தான் இல்லை. இன்றைய மென்பொருளுக்கும் ஒரு ஜனவரி வரும்.