பெட்டிக்குள் தூங்கும் துப்பாக்கிகள்

மாமல்லபுரம் கடற்கரைக்குப் போனவர்களுக்கு அந்த பலூன் கடை தெரியும். ஒரு தட்டி, அதில் வரிசையாக பலூன்கள், முன்னால் மேஜையில் ஒரு ஏர்கன். கட்டை தேய்ந்து வழவழவென்று இருக்கும், குழலில் கறுப்பு போயிருக்கும், குறிமுள் லேசாகச் சாய்ந்திருக்கும். "கொஞ்சம் லெஃப்ட்ல பாத்து அடிங்க சார்" என்று கடைக்காரரே சொல்லிவிடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அது சுடுகிற அளவுக்கு, கண்ணாடி அலமாரியில் படுத்திருக்கும் விலை உயர்ந்த துப்பாக்கி பிறந்ததிலிருந்தே சுட்டிருக்காது. ஆனாலும் மதிப்பு என்னவோ அலமாரியில் இருப்பதற்குத்தான்!

சரி, ஏர்கன் சின்ன விஷயம். 4.5 மி.மீ., 20 ஜூல் தாண்டாதவரை உரிமம் கூட வேண்டாம். உண்மையான சண்டை தோட்டா போடும் துப்பாக்கிகளில் இருக்கிறது. சேகரிப்பவர்களின் அளவுகோலைப் பாருங்கள். கீறல் கூடாது. தொழிற்சாலையில் ஏற்றிய நீலநிறம் அப்படியே இருக்க வேண்டும். வந்த பெட்டியும் வேண்டும். மறுபடி பாலிஷ் போட்டால் விலை போச்சு, சுட்டால் இன்னும் போச்சு. பி.காம். முதல் வருடத்திலேயே தேய்மானம் என்று ஒன்று சொல்லித் தருகிறார்கள். இயந்திரம் உழைக்கிறது, அதனால் தேய்கிறது, தேய்ந்ததை வருடா வருடம் கழித்து எழுது என்று. தேயக்கூடாது என்பதற்காகவே இயந்திரத்தை ஓட்டாமல் துணி போட்டு மூடி வைக்கும் முதலாளியை ஊர் என்ன சொல்லும்?

"அவர் காசு, அவர் அலமாரி, உங்களுக்கு என்ன?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இது தபால் தலை இல்லை. 1980-களின் நடுவில் சாதாரண ஆட்கள் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி செய்யும் வழி அடைபட்டது. அதற்கு முன் வந்த வெப்ளி, கிரீனர் போன்றவைதான் இன்றும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. எண்ணிக்கை கூடப்போவதில்லை. ஒன்று அலமாரிக்குள் போனால், சுட நினைப்பவனுக்கு ஒன்று குறைந்தது, விலையும் ஏறியது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒரு ஆள் மூன்று அல்ல, இரண்டுதான் வைத்திருக்கலாம் (விளையாட்டு வீரர்களுக்கு விலக்கு உண்டு). அந்த இரண்டில் ஒன்றையும் பொம்மையாக்க வேண்டுமா? சேகரிக்கிறவர்களுக்குச் சட்டம் தனி வழியே கொடுத்திருக்கிறது. 2020 விதிப்படி அரும்பொருள் வகைத் துப்பாக்கிகளை வைத்திருக்க உரிமம் தேவையில்லை. சுடவும் வெளியே எடுத்துப் போகவும்தான் தேவை. அழகு பார்க்க ஆசையா, அந்தப் பக்கம் போகலாமே!

சுடுவது என்றால் உடனே கொக்கு, நாரை என்று பயப்பட வேண்டாம். செங்கல்பட்டு மாவட்டம் அந்தப் பாடத்தை என்றோ படித்துவிட்டது. வேடந்தாங்கலில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, ஊர்க்காரர்கள் கலெக்டர் லயனல் பிளேசிடம் முறையிட்டுப் பாதுகாப்பு உத்தரவே வாங்கினார்கள். அது 1798 வாக்கில். வனவிலங்குச் சட்டத்தோடு வேட்டைக் கதை முடிந்தது. இப்போது சுட இருப்பது காகிதமும் களிமண் தட்டும்தான். அதுவே போதும். பத்து மீட்டர் ரைபிளில் பத்துப் புள்ளி என்பது அரை மில்லிமீட்டர் பொட்டு. கடலூரில் பிறந்த இளவேனில் உலக மேடை ஏறியது அந்தப் பொட்டை அடித்துத்தான்.

பழையதை வாங்கினால் ஏமாறுவோம் என்ற பயமும் வேண்டாம், பார்க்கத் தெரிந்தால் போதும். குண்டு இல்லை என்று உறுதி செய்துகொண்டு, குழலைத் திறந்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் உள்ளே துருக்குழி இருக்கிறதா என்று தெரியும். மடிக்கும் இடத்தில் ஆட்டம் இருக்கிறதா என்று அசைத்துப் பார்க்கலாம். கட்டையில் இருக்கும் கீறலைப் பற்றிக் கவலையே படாதீர்கள். புத்தம் புதுசு என்று நம்பி வாங்கியதையும் கொஞ்சம் திறந்து பாருங்கள். தோல் உறை ஈரத்தைப் பிடித்து வைக்கும். அதில் போட்டு உப்புக் காற்று வீசும் கடலோர வீட்டில் பத்து வருடம் வைத்தால் உறைக்குள்ளேயே துரு ஏறும். அடிக்கடி சுட்டு, துடைத்து, எண்ணெய் போடுகிறவன் துப்பாக்கியில் அதை மறுநாளே பார்த்துவிடுவான்.