வாய் ஒண்ணு, பேச்சு வேற!

எல்லா போனுக்கும் ஒரே சார்ஜர் வந்தாச்சுன்னு சந்தோஷப்படறாங்க. வந்தது ஒரே ஓட்டைதாங்க, ஒரே சார்ஜர் இல்லை.

2024 டிசம்பர் 28லிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துல விற்பனைக்கு வர்ற புது போனுக்கெல்லாம் யூஎஸ்பி-சி கட்டாயம். நல்ல விஷயம். ஆனா நம்ம வீட்டுல கிடக்கிற நாலு சி கேபிளும் பார்க்கத்தான் ஒரே மாதிரி, உள்ளுக்குள்ள நாலு ஜாதி. அதனால என் கட்சி இதுதான்: எத்தனை வாட் தாங்கும்னு கேபிள் மேலயே அச்சடிக்கணும்னு இங்க சட்டம் வேணும்.

ஏன்னு கேளுங்க. வோல்ட்டை ஆம்பியரால பெருக்கினா வாட். பழைய யூஎஸ்பியில 5 வோல்ட், அரை ஆம்பியர், மொத்தமே 2.5 வாட். இப்போ பவர் டெலிவரிங்கிற பொதுத் தரத்துல 20 வோல்ட், 5 ஆம்பியர்னு 100 வாட் கிடைக்குது. 2021ல வந்த 3.1 பதிப்புல 240 வாட் வரைக்கும் போகலாம். ஆனா 3 ஆம்பியரைத் தாண்டணும்னா கேபிள் தலைக்குள்ள 'ஈ-மார்க்கர்'னு ஒரு குட்டி சிப் இருக்கணும். இல்லைன்னா 100 வாட் சார்ஜரும் 60 வாட்டோட நின்னுடும். சிப் இருக்கான்னு வெளிய பார்த்து எந்தக் கொம்பனாலயும் சொல்ல முடியாது.

"பெரிய சார்ஜர் போட்டா போன் வெடிச்சிடுமே"ன்னு பயப்படறவங்களுக்கு: சார்ஜர் முதல்ல 5 வோல்ட்தான் குடுக்கும். அப்புறம் "9 இருக்கு, 15 இருக்கு, 20 இருக்கு"ன்னு பட்டியல் வாசிக்கும். போன் தனக்கு வேணுங்கறதை மட்டும் கேட்டு வாங்கிக்கும். சரக்கு தரமானதா இருந்தா பயம் வேண்டாம்.

வில்லங்கம் என்னன்னா, சில கம்பெனிங்க தனி பாஷை பேசுது. ஆப்போவோட வூக் அப்படித்தான். டப்பாவுல போட்ட வேகம் வேணும்னா அந்த பாஷை தெரிஞ்ச சார்ஜரும் கேபிளும் வேணும். வேற சார்ஜர்ல சொருகினா, ரெண்டுக்கும் தெரிஞ்ச பொது பாஷைக்கு இறங்கி, மெதுவாத்தான் ஏறும். நாமளோ "போன் பழசாயிடுச்சு"ன்னு புதுசு தேடிக் கிளம்பிடுவோம்!

யூஎஸ்பி அமைப்பு 2021லயே கேபிளுக்கு 60 வாட், 240 வாட்னு முத்திரை கொண்டு வந்துச்சு. ஆனா சான்றிதழ் வாங்கின கேபிளுக்கு மட்டும்தான் அது. ரிச்சி தெருவுல கொத்தா தொங்குற கேபிளுக்கு ஏது முத்திரை?

பத்து ரூபா பிஸ்கட் பாக்கெட்ல எடை, விலை, தேதி எல்லாம் போட்டே ஆகணும். முந்நூறு ரூபா கேபிள் மட்டும் ஊமையா இருக்கலாமா? சட்டம் வர்ற வரைக்கும், வாங்கின அன்னிக்கே துண்டு ஸ்டிக்கர்ல வாட் எழுதி ஒட்டிடுங்க மக்களே. அப்புறம் தேடினா அந்த அட்டை டப்பா கிடைக்கவே கிடைக்காது :-)