வாசல் யாருடையது?

லினக்ஸ் கம்ப்யூட்டரைப் பற்றிப் பேசுகிறவர்கள் வாயில் முதலில் வரும் வார்த்தை சுதந்திரம். ‘பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம், தடுப்பார் இல்லை’ என்கிறார்கள். உண்மைதான். ஆனால் அந்தச் சுதந்திர மாளிகையின் வாசலுக்கு என்ன வர்ணம் பூசலாம் என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு மாறிவிடும்.

வாசல் என்பது, நம் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்கிறதே, அந்த முதல் திரை. 2012-ல் வந்த உபுண்டுவில், வீட்டில் நாலு பேர் ஒரே கம்ப்யூட்டரை உபயோகித்தால், யார் பெயரைத் தேர்ந்தெடுக்கிறோமோ அவர் வைத்திருந்த படம் அந்தத் திரை முழுவதும் விரியும். 2017 அக்டோபரில் 17.10 பதிப்பு வந்தது. லைட்டிஎம் என்ற பழைய வாசற்காரனை அனுப்பிவிட்டு, க்னோம் குழுவினரின் ஜிடிஎம்மை அமர்த்தினார்கள். படமும் கூடவே போயிற்று.

க்னோம் தரும் ஜிடிஎம்மில் ஒரு சின்னத்தைப் பொறிக்கலாம். அறிவிப்பு ஒன்று எழுதலாம். பெயர்ப் பட்டியலை மறைக்கலாம். பின்னணியை மாற்ற மட்டும் வழி வைக்கவில்லை. நிறமும் அலங்காரமும் ஒரே மூட்டையாகக் கட்டிய கோப்பில் கிடக்கின்றன. மூட்டையை அவிழ்த்து, திருத்தி, மறுபடி கட்டி, நிர்வாகியின் அதிகாரத்தோடு பழைய இடத்தில் வைக்கவேண்டும். அடுத்த புதுப்பிப்பு வந்ததும் பழைய கோலமே திரும்பிவிடும். உபுண்டுக்காரர்கள் பிற்பாடு இதற்கென்று தாங்களே ஓர் ஒட்டுப் போட்டுக்கொண்டார்கள் என்பதே, குறை எங்கே என்பதற்குச் சாட்சி.

“பாதுகாப்புக்காக” என்பார்கள் சிலர். யாரும் உள்ளே நுழையுமுன் ஓடுகிற நிரல் அது. யாருடைய அறையையும் அது எட்டிப் பார்க்கக்கூடாது. நியாயமே. ஆனால் லைட்டிஎம்மும் அப்படித் தனிக் கணக்கில்தான் ஓடுகிறது. அதன் ஜிடிகே முகப்பில், அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரி எழுதினால் படம் மாறுகிறது. கேடிஈ மேசையிலோ, எஸ்டிடிஎம்முக்கு வேண்டிய கோலத்தை அமைப்புப் பக்கத்திலேயே தேர்ந்தெடுக்கலாம். அங்கெல்லாம் திருடன் புகுந்துவிட்டானா? ஆகவே காரணம் பாதுகாப்பு அல்ல, ரசனை. ‘எங்கள் ரசனை உயர்ந்தது, நீ கை வைத்துக் கெடுக்காதே’ என்கிற ரசனை!

“பிடிக்காவிட்டால் வேறொன்றை நிறுவிக்கொள்ளேன்” என்பது அடுத்த வாதம். நிறுவத் தெரிந்தவன் நிறுவிக்கொள்வான். தெரியாத பள்ளி ஆசிரியையும் ஓய்வு பெற்ற குமாஸ்தாவும் என்ன செய்வார்கள்? கெட்டிக்காரனுக்கு மட்டும் பயன்படுவதைச் சுதந்திரம் என்று சொல்வானேன்? சலுகை என்று சொல்லிவிடலாமே!

ஒரு படத்துக்கா இத்தனை ஆத்திரம் என்று கேட்கலாம். படம் அற்பமானதுதான். அற்பமானதைக்கூட விட்டுக்கொடுக்க மனம் வராதவர்கள், பெரியதை நமக்கு அளித்துவிட்டதாகப் பெருமை பேசும்போதுதான் ஆத்திரம் வருகிறது. சட்டப்படி வீடு நமது, சாவியும் நமது. வாசலுக்கு வெள்ளையடிக்க மட்டும் அயலாரிடம் உத்தரவு கேட்டு நிற்பானேன்?