கூலி வேண்டாம், விறகு போதும்!



ஆடி பிறந்ததிலிருந்து நம்ம சாமல்பட்டியில் தெருவுக்குத் தெரு மிஷின் ரம்பச் சத்தம். மாங்காய் இறங்கியாயிற்று, இனி மரத்தை மொட்டை அடிக்கலாம் என்று கிளம்பிவிட்டார்கள். முப்பது வருஷத்து மரம் ஒரு மணி நேரத்தில் நட்டு வைத்த கம்பம் மாதிரி நிற்கிறது. இதைக் கவாத்து என்று சொல்ல வாய் கூசவில்லையா?

மூன்று வருஷம் முன்னால் நானும் ஏமாந்தவன்தான். "கூலி வேண்டாம் சார், விறகை மட்டும் எடுத்துக்கறோம். குபுகுபுன்னு தழைச்சிடும்" என்றார்கள். பிள்ளைகளுக்குத் தாவரவியல் நடத்தியவன், இலவசம் என்றதும் தலையாட்டினேன். விறகுதான் கூலி என்றால் எந்தக் கிளையை வெட்டுவார்கள்? காய்ந்த சுள்ளியையா, தொடைப் பருமன் கிளையையா? 1991-ல் நான் நட்ட பெங்களூரா மரம் போயிற்று.

தழைத்தது உண்மை. ஆபத்தே அதில்தான். இயல்பாக வளரும் கிளை வருஷா வருஷம் தண்டின் மரத்தோடு பின்னிப் பிணைந்து வளர்கிறது. மொட்டைக் கட்டையில் வெடிக்கும் போத்துகளோ பட்டைக்கு அடியில் மேலாக ஒட்டிக்கொண்டிருப்பவை. கீழே கட்டை மழைநீர் குடித்து மக்க, மேலே போத்து கனம் ஏறுகிறது. நாலைந்து வருஷத்தில் அடிக்கிற காற்றுக்கு முதலில் முறிவது அதுதான். "ஆடிக்காத்துல அம்மியே பறக்கும்" என்று பயந்து வெட்டியவர்கள், காற்றுக்கு முறியும் மரத்தைத் தாங்களே செய்து வைக்கிறார்கள். நிழல் போனதும் பட்டை வெயிலில் வெந்து வெடிக்கும். அந்தப் பிளவில் தண்டு துளைப்பான் வண்டு முட்டை வைக்கும். என் மரத்தின் அடியில் குவிந்த மரத்தூளைப் பார்த்துத்தான் எனக்கே புத்தி வந்தது. மார்கழியில் பூவும் இல்லை.

அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷைகோ ஏராளமான மரங்களை நெடுக்குவாட்டில் பிளந்து பார்த்தவர். நம் தோல் போல மரத்தின் காயம் ஆறுவதில்லை, கெட்ட பகுதியைச் சுவர் கட்டி ஒதுக்கிவிட்டு மேலே வளர்கிறது என்று காட்டினார். அந்தச் சுவருக்கு வேண்டிய ஏற்பாடு கிளையின் அடியில், மோதிரம் போல் தடித்த மேட்டில் இருக்கிறது. அந்த மேட்டை ஒட்டி, மேட்டைத் தொடாமல் வெட்ட வேண்டும். கனமான கிளை என்றால் முதலில் ஒரு அடி தள்ளி அடிப்புறம் கொஞ்சம் அறுத்து, பிறகு அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்து பாரத்தை இறக்கிவிடுங்கள். மேட்டருகே வெட்டுவது மூன்றாவது. இல்லாவிட்டால் பட்டை தண்டுவரை உரிந்து வரும்.

காய்ந்தது, நோய் பிடித்தது, ஒன்றோடொன்று உரசுவது, நடுவில் வெயிலை மறைப்பது இவற்றை எடுத்தால் போதும். ஒரு வருஷத்தில் பச்சையில் கால் பங்குக்கு மேல் தொடக்கூடாது. வயதான மரத்தில் இன்னும் குறைவு. (பெயிண்ட் பூசினால் அழுகாது என்பவர்களிடம் நான் வாதம் செய்வதை விட்டுவிட்டேன்.)

மின்கம்பி உரசுகிறதே என்பீர்கள். நியாயம்தான். கம்பிப் பக்கம் போகிற கிளையை அது பிரியும் இடத்தில், மின்வாரியத்திடம் சொல்லி லைனை நிறுத்திவிட்டு எடுக்கச் சொல்லுங்கள். எதிர்ப்பக்கத்துக் கிளை என்ன பாவம் செய்தது? சருகு கூட்ட முடியவில்லை என்பதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை, விளக்குமாறுதான் இருக்கிறது.

வருகிற ஞாயிறு காலை ஏழு மணிக்கு, என் வீட்டில் மிச்சமிருக்கும் இன்னொரு மாமரத்தில் உள்கிளை நாலு எடுக்கப்போகிறேன். கைரம்பம்தான். மரம் வெட்டும் தம்பிகளும் வரலாம், கூலி உண்டு. விறகு எனக்கு.